வெளிநிலை வரைகலை அட்டையும் லினக்ஸ் இயங்குதளமும்: ‘அசையாத அட்டை’ என்னும் முற்கோள் தளர்ந்த வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மடிக்கணினிக்கு வெளியே தனிப்பெட்டியில் அமைந்த வரைகலை அட்டையை வடத்தின் வழியாக இணைத்துப் பயன்படுத்தும் முறை, கட்டற்ற இயங்குதளமாகிய லினக்ஸில் நெடுங்காலம் இடர்ப்பாடு மிக்கதாக இருந்தது. உற்பத்தி நிறுவனங்கள் தகுந்த இயக்கிகளை வழங்காமையே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அது காரணங்களுள் ஒன்றே என இக்கட்டுரை வாதிடுகிறது. வரைகலை அட்டை கணினியின் அசையா உறுப்பு, கணினி தொடங்கும்போது இருந்தது நிறுத்தும்வரை இருக்கும், உள்ளே இருப்பதால் அது நம்பத்தக்கது என்னும் முற்கோள் கணினியின் ஒவ்வோர் அடுக்கிலும் எழுதாச் சட்டமாக ஊன்றியிருந்தது. 2010 முதல் 2024 வரையிலான காலத்தில் அம்முற்கோள் எவ்வாறு அடுக்கடுக்காகத் தளர்த்தப்பட்டது என்பதையும், அப்பணியின் பெரும்பகுதி வெளிநிலை அட்டையைக் கருதாமல் வேறு நோக்கங்களுக்காக நடந்தது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வெளிநிலை வரைகலை அட்டை, லினக்ஸ் கருனி, தண்டர்போல்ட், பிரைம், கட்டற்ற மென்பொருள் வரலாறு.

1. முன்னுரை

மடிக்கணினியின் உறுப்புகளுள் பயனரின் கைக்கு எட்டாதது வரைகலைச் செயலி. பல மடிக்கணினிகளில் நினைவகத்தைக் கூட்டலாம், சேமிப்பகத்தை மாற்றலாம். வரைகலைச் செயலியோ மையச் செயலியினுள் அமைந்திருக்கும். அல்லது தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். முப்பரிமாண வடிவமைப்பு, காணொளித் தொகுப்பு, இயந்திரக் கற்றல், கணினி விளையாட்டு ஆகியவற்றின் தேவை பெருகியபோது, ஏனைய உறுப்புகள் நன்னிலையில் இருக்கவும் இவ்வோர் உறுப்பின் போதாமையால் முழுக் கணினியையும் மாற்ற வேண்டிய நிலை உண்டாயிற்று. மேசைக்கணினிக்குரிய வரைகலை அட்டையை வெளியே ஒரு பெட்டியில் வைத்து, அதற்குத் தனி மின்வழங்கி அளித்து, ஒரு வடத்தால் மடிக்கணினியோடு இணைப்பது இதற்குக் கண்ட தீர்வு. இதுவே இங்கு ‘வெளிநிலை அட்டை’ எனப்படுகிறது.

இத்தீர்வு வன்பொருள் அளவில் எளிமையானது. வெளிநிலை அட்டை தனிவகைக் கருவியன்று. மேசைக்கணினியில் செருகப்படும் அதே அட்டைதான். அதற்குரிய இயக்கி லினக்ஸில் இருந்தது. இணைப்புத்துறைக்கும் ஆதரவு வந்துவிட்டது. இவ்விரண்டும் இருந்தும் இரண்டும் சேர்ந்து நன்கு இயங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. இடைப்பட்ட தடை எங்கிருந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

வரலாற்றைக் காலவரிசையில் மட்டும் சொன்னால் இவ்வினாவிற்கு விடை கிடைக்காது. ஆகவே இணைப்புவழி, முகவரி ஒதுக்கீடு, பாதுகாப்பு, திரை அமைப்பு, உரிமம், அகற்றல் என ஒவ்வோர் அடுக்காக எடுத்துக்கொண்டு, அவ்வவ்வடுக்கினுள் காலவரிசை பின்பற்றப்படுகிறது. இயங்குதளத்தின் மையநிரல் ‘கருனி’ என்றும், வன்பொருளை இயக்கும் நிரல் ‘இயக்கி’ என்றும், கணினியைத் தொடங்கி இயங்குதளத்திடம் ஒப்படைக்கும், பலகையில் பதிந்த நிரல் ‘நிலைபொருள்’ என்றும் குறிக்கப்படுகின்றன.

2. இணைப்புவழியின் அகலம்

வரைகலை அட்டை மையச் செயலியோடு பேசும் வழி ‘பிசிஐ எக்ஸ்பிரஸ்’ எனப்படும். 2003-இல் முதற்பதிப்புக் கண்ட இவ்வழி, பல தடங்களைக் கொண்டது. மேசைக்கணினியில் வரைகலை அட்டைக்கு 16 தடங்கள் தரப்படுவது வழக்கம். முதற்பதிப்பில் ஒரு தடம் ஒரு திசையில் நொடிக்கு 25 கோடி பைட்டுகளையும், இரண்டாம் பதிப்பில் 50 கோடி பைட்டுகளையும் சுமக்க வல்லது. அக்கால மடிக்கணினிகளின் பக்கவாட்டில் இருந்த எக்ஸ்பிரஸ்கார்டு துறையில் இத்தகைய தடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதன் வழியே மேசைக்கணினி அட்டையை இணைக்கும் முயற்சிகளே இத்துறையின் தொடக்கம். நிறுவனங்களும் தத்தமக்குரிய தனி இணைப்புகளைக் கொண்டுவந்தன. ஏஎம்டி நிறுவனத்தின் இணைப்புமுறையைப் பயன்படுத்தி ஃபுஜிட்சு சீமென்ஸ் 2008-இலும், ஒளியிழை சார்ந்த முறையில் சோனி 2011-இலும், தனித்துறை ஒன்றோடு ஏலியன்வேர் 2014-இலும் வெளிநிலைப் பெட்டிகளை விற்றன. அவை ஒன்றோடொன்று பொருந்தாதவை.

பொதுவழி தண்டர்போல்ட் மூலம் வந்தது. இன்டெல், ஆப்பிள் நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய இத்துறை 2011 பிப்ரவரியில் ஆப்பிள் மடிக்கணினிகளில் அறிமுகமாயிற்று. அதன் வேகம் நொடிக்கு 10 கிகாபிட். 2013-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 20. 2015-இல் வந்த மூன்றாம் பதிப்பில் 40. மூன்றாம் பதிப்பு யுஎஸ்பி-சி வடிவத் துறையை ஏற்றதால், பல நிறுவனங்களின் கணினிகளிலும் இடம்பெற்றது. 2016 தொடக்கத்தில் ரேசர் நிறுவனம் அறிவித்த பெட்டியைத் தொடர்ந்து வெளிநிலைப் பெட்டிகள் தனிச்சந்தையாக வளர்ந்தன.

இங்கு ஒரு கணக்கைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்வரும் வரலாற்றின் ஒரு பகுதி இக்கணக்கைச் சார்ந்தது. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில், புள்ளிக்கு 4 பைட் எனக் கொண்டால், ஒரு சட்டகம் ஏறத்தாழ 83 லட்சம் பைட். நொடிக்கு 60 சட்டகங்கள் எனில் ஏறத்தாழ 50 கோடி பைட். முதற்பதிப்பு எக்ஸ்பிரஸ்கார்டின் ஒற்றைத்தடம் இதிற் பாதியையே சுமக்கும். அதாவது அட்டை தீட்டிய படத்தை மடிக்கணினியின் சொந்தத் திரைக்குத் திருப்பி அனுப்பினால் நொடிக்கு 30 சட்டகங்களோடு வழி நிரம்பிவிடும். தண்டர்போல்ட் மூன்றாம் பதிப்பில் பிசிஐ தரவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 22 கிகாபிட், அதாவது நொடிக்கு 275 கோடி பைட். அதில் மேற்கண்ட படம் ஐந்திலொரு பங்குக்கும் குறைவு. ஆனால் 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட திரையெனில், 60 சட்டகங்களுக்கு ஏறத்தாழ 199 கோடி பைட் தேவை; திரும்பும் திசையின் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். வெளிநிலை அட்டையிலேயே ஒரு திரையை நேரடியாகச் செருகினால் படம் திரும்பிவர வேண்டிய தேவையே இல்லை. பயனர்கள் பெரும்பாலோர் அம்முறையை விரும்பியதற்குக் காரணம் இதுவே.

3. முகவரி வெளி: தொடக்கத்திலேயே பங்கிடப்பட்ட நிலம்

பிசிஐ கருவி ஒவ்வொன்றும் கணினியின் முகவரி வெளியில் தனக்கென ஒரு பரப்பைக் கேட்கும். கணினி தொடங்கும்போது நிலைபொருள் எல்லாக் கருவிகளையும் எண்ணி, கேட்ட பரப்பைப் பங்கிட்டுத் தரும். கருவிகள் கிளைகளாக அமைந்திருப்பதால், ஒவ்வொரு கிளைக்கும் அதன் கீழுள்ள கருவிகளுக்குப் போதிய பரப்பு அடுத்தடுத்து இறுக்கமாக ஒதுக்கப்படும். நிலம் முழுவதும் பங்கிடப்பட்ட ஊரில் பின்னர் வந்தவர் வீடுகட்ட இடம் கேட்பது போன்றதே, இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில் புதிய அட்டையைச் செருகுவது.

இயக்கத்தின்போது செருகப்படும் கருவிகளைக் கருனி முற்றிலும் மறந்திருக்கவில்லை. அத்தகைய துறை ஒவ்வொன்றுக்கும் கருனி தானே ஒதுக்கிவைக்கும் நினைவகப் பரப்பு, கருனியின் ஆவணப்படி, இயல்பாக 2 மெகாபைட். வலையமைப்பு அட்டைக்கோ சேமிப்பகக் கட்டுப்படுத்திக்கோ அது போதும். வரைகலை அட்டை தன் நினைவகத்தைக் காட்டும் சாளரத்திற்கு மட்டும் 256 மெகாபைட் கேட்பது வழக்கம். ஒதுக்கியதைப் போல் 128 மடங்கு. நிலைபொருள் முன்கூட்டியே தாராளமாக இடம் விட்டிருந்தாலன்றி, அட்டை கருவிப்பட்டியலில் தோன்றும். ஆனால் அதற்கு முகவரி கிடைக்காது. இயக்கி அதனை ஏற்க மறுத்துவிடும்.

பயனர்கள் கண்ட முதல் மாற்று, பெட்டியை இணைத்த பின்னரே கணினியைத் தொடங்குவது. அப்போது நிலைபொருள் அதனையும் எண்ணிக்கையிற் சேர்த்துக்கொள்ளும். இது முற்கோளைத் தளர்த்திய தீர்வன்று. வெளிநிலை அட்டையை உள்ளமைந்த அட்டையைப் போல நடிக்கச் செய்து முற்கோளை நிறைவு செய்த தீர்வு. முகவரிகளை மீளப் பங்கிடுமாறும், செருகுதுறைகளுக்குக் கூடுதல் பரப்பை ஒதுக்குமாறும் கருனிக்கு ஆணையிடும் தொடக்கநிலைக் கட்டளைகள் அடுத்த படி. பின்னர் அவ்வொதுக்கீட்டை, முன்கூட்டிப் படிக்கத்தக்க பரப்பு, அல்லாத பரப்பு என இருவேறாகக் குறிப்பிடும் வசதி சேர்ந்தது. வரைகலை அட்டையின் பெருஞ்சாளரம் முதல் வகையைச் சார்ந்தது; அதனை 400 கோடி முகவரி எல்லைக்கு அப்பாலும் வைக்க இயலும். ஆகவே இப்பிரிப்பு, நெருக்கடி மிகுந்த கீழ்ப்பகுதியைக் காத்தது.

தண்டர்போல்ட் துறைக்கான இயக்கி இதே காலத்தில் உருவாயிற்று. ஆப்பிள் கணினிகளில் நிலைபொருள், தொடக்கத்தில் இணைந்திருந்த கருவிகளுக்கு மட்டுமே வழி அமைத்துத் தந்தது. பின்னர்ச் செருகுவனவற்றை இயங்குதளமே கவனிக்க வேண்டும். அதற்கான இயக்கியை ஆந்திரேயாஸ் நோவர் எழுத, 2014 அக்டோபரில் வெளிவந்த கருனியின் 3.17 பதிப்பில் அது இடம்பெற்றது. பிற நிறுவனங்களின் கணினிகளில் வழி அமைக்கும் பணியை நிலைபொருளே செய்ததால் அங்குச் சிக்கல் வேறு வடிவில் எழுந்தது.

4. நம்பிக்கை: வாயிற்காவல்

பிசிஐ கருவி மையச் செயலியின் துணையின்றியே நினைவகத்தைப் படிக்கவும் எழுதவும் வல்லது. கருவி கணினிக்குள் திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தவரை இது குறையாகத் தோன்றவில்லை. துறை வெளியே வந்ததும், கேட்பாரற்றுக் கிடக்கும் கணினியில் எவரேனும் ஒரு கருவியைச் செருகி நினைவகம் முழுவதையும் படித்துவிட இயலும் என்ற நிலை உண்டாயிற்று.

இதனைத் தடுக்க இன்டெல் பாதுகாப்புப் படிநிலைகளை வகுத்தது: தடையில்லா நிலை, பயனர் ஒப்புதல் நிலை, மறைக்குறியீட்டுத் திறவால் சரிபார்க்கும் நிலை, திரைக் குறிகைகளை மட்டும் அனுமதிக்கும் நிலை. ஒப்புதல் அளிக்கும் வழி லினக்ஸில் இல்லாத காலத்தில், கணினியின் அமைப்புத்திரையில் பாதுகாப்பை முற்றிலும் நீக்கினாலன்றி வெளிநிலை அட்டை இயங்காமற்போயிற்று. இன்டெல்லின் மிகா வெஸ்டர்பெர்க் முன்னின்று செய்த பணியால், 2017 செப்டம்பரில் வெளிவந்த 4.13 பதிப்பில் இப்படிநிலைகள் கருனிக்குள் வந்தன. ஆயினும் கருனி தந்தது ஒரு கோப்பு மட்டுமே. ஒப்புதலுக்கு மேலாளர் உரிமையோடு அதில் ஓர் எண்ணை எழுத வேண்டும். அதனை எளிய பயனருக்கு உரியதாக்கியது, ரெட் ஹேட் நிறுவனத்தின் கிறிஸ்டியன் கெல்னர் எழுதிய ‘போல்ட்’ என்னும் பின்னணிச் சேவை. ஒருமுறை ஏற்ற கருவியை நினைவில் வைத்து மறுமுறை தானே ஒப்புதல் அளிக்கும் இச்சேவை 2018-இல் ஃபெடோரா 28 பதிப்போடு பரவலாயிற்று.

ஒப்புதல் முறை கருவியை அடையாளம் காணும். அது செய்வதைக் கண்காணிக்காது. 2019 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு வெளியிட்ட ‘தண்டர்கிளாப்’ ஆய்வு, நல்ல கருவிபோல் தோன்றும் ஒன்று நினைவகத்தைத் தாக்க இயலும் எனக் காட்டியது. 2020-இல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ‘தண்டர்ஸ்பை’ ஆய்வு, ஒப்புதல் முறையையே ஏமாற்ற இயலும் எனக் காட்டியது. கருவிக்கு அதற்குரிய நினைவகப் பகுதியை மட்டும் திறந்துவிடும் வன்பொருள் அலகைப் பயன்படுத்துவதே உறுதியான காப்பு. தண்டர்போல்ட் கருவிகளுக்கு அதனை லினக்ஸ் கட்டாயமாக்கும் வசதி, 2019 மார்ச்சில் வெளிவந்த 5.0 பதிப்பில் வந்தது.

இம்மாற்றத்தின் பொருளை உன்னுதல் வேண்டும். முன்பு ‘உள்ளே இருப்பது நம்பத்தக்கது’ என்பது விதி. இப்போது ‘எந்தக் கருவிக்கும் அதற்குத் தேவையான அளவே’ என்பது விதி. இதனைச் செய்தவர்களின் நோக்கம் திருட்டைத் தடுப்பது. வெளிநிலை அட்டைக்கு வழிதிறப்பது அன்று. ஆயினும் பாதுகாப்பைக் கைவிடாமல் வெளிநிலை அட்டையைப் பயன்படுத்த இயன்றது இதன் விளைவே.

5. இரு செயலிகள், ஒரு திரை

மிக நீண்ட போராட்டம் திரை அமைப்பில் நிகழ்ந்தது. லினக்ஸின் மரபான திரை அமைப்பாகிய எக்ஸ் சாளர அமைப்பு, தொடங்கும்போது வரைகலை அட்டையைக் கண்டறிந்து, அதற்குரிய இயக்கியை ஏற்றி, இறுதிவரை அதனோடே இயங்குவது. ஒரு செயலி தீட்டிய படத்தை மற்றொரு செயலியின் திரையில் காட்டுதல் அதன் அமைப்பிலேயே இல்லை.

இதனை மாற்றும் நெருக்கடி வெளிநிலை அட்டையால் வரவில்லை. 2010 பிப்ரவரியில் என்விடியா அறிமுகப்படுத்திய ‘ஆப்டிமஸ்’ முறையால் வந்தது. ஒரே மடிக்கணினியில் மின்சிக்கனமான செயலி ஒன்றும் ஆற்றல்மிக்க செயலி ஒன்றும் இருக்கும். திரை முதலாவதோடு இணைந்திருக்கும். தேவைப்படும்போது இரண்டாவது தீட்டி, படத்தை முதலாவதிடம் கொடுக்கும். லினக்ஸ் பயனர்கள் தாங்கள் விலைகொடுத்து வாங்கிய இரண்டாம் செயலியைத் தொடவே இயலாத நிலைக்கு ஆளாயினர். 2011-இல் பயனர் முயற்சியாகத் தோன்றிய ‘பம்பிள்பீ’ திட்டம், கண்ணுக்குப் புலப்படாத இரண்டாவது எக்ஸ் சேவையகம் ஒன்றை இயக்கி, அதில் தீட்டிய படத்தை முதலாவதற்குப் படியெடுத்தது. அது சுற்றுவழிதான், ஆயினும் பலருக்கு அதுவே ஒரே வழியாக இருந்தது.

நேர்வழியை அமைத்தவர்களுள் முதன்மையானவர் ரெட் ஹேட்டின் டேவ் ஏர்லி. 2010 மே மாதம் வெளிவந்த 2.6.34 பதிப்பில் இருசெயலிகளுக்கிடையே மாறும் அமைப்பை அவர் சேர்த்திருந்தார். அது ஒன்றை நிறுத்தி மற்றொன்றை இயக்கும் மாற்றுப்பொத்தான் மட்டுமே. அதே ஆண்டில், ஒன்று தீட்ட மற்றொன்று காட்டும் முறையின் முன்மாதிரியை உருவாக்கி ‘பிரைம்’ எனப் பெயரிட்டார். ஆப்டிமஸ் என்னும் பெயரோடு சேர்த்துப் படித்தால் விளையாட்டுப் பொம்மை உலகின் பெயர்பெற்ற பாத்திரம் ஒன்றின் பெயர் வரும். அப்பெயரின் நயம் அதுவே. முன்மாதிரி முறையாவதற்கு, இரு இயக்கிகள் ஒரே நினைவகத் துண்டைப் பகிர்ந்துகொள்ளும் பொது ஏற்பாடு தேவைப்பட்டது. ‘டிஎம்ஏ-பஃப்’ எனப்படும் அவ்வேற்பாடு 2012 மார்ச்சில் 3.3 பதிப்பில் வந்தது. கையடக்கக் கருவிகளில் ஒளிப்படக்கருவியும் திரையும் ஒரே நினைவகத்தைப் பகிர வேண்டும் என்பது அதன் பிறப்புக்கான காரணங்களுள் ஒன்று. அதன்மேல் பிரைம் எழுந்தது. 2012 செப்டம்பரில் வெளிவந்த எக்ஸ் சேவையகம் 1.13 பதிப்பில், பல வரைகலைக் கருவிகளை வழங்குநர்களாகக் காட்டும் முறையும், இயக்கத்தின்போது செருகப்படும் வரைகலைக் கருவியை ஏற்கும் முறையும் இடம்பெற்றன.

இவற்றுள் பின்னது கருதத்தக்கது. அதனால் நேரடிப் பயன் பெற்றவை யுஎஸ்பி வழியே திரையை இணைக்கும் சிறு கருவிகள். அவற்றுக்கான கருனி இயக்கியையும் ஏர்லியே 2012-இல் சேர்த்தார். ஒரு சிறு திரைக்கருவிக்காக வெட்டிய வாய்க்காலில் பின்னர்ப் பெரிய அட்டைகள் வந்தன. ஏஎம்டி அட்டை இருப்பின், ஒரு சூழல் மாறிக்கு மதிப்பளித்து நிரலைத் தொடங்கினால் அந்நிரல் மட்டும் வெளிநிலை அட்டையில் தீட்டப்பட்டு மடிக்கணினித் திரையில் தோன்றும் நிலை இவ்வாறு உருவாயிற்று. 2016 நவம்பரில் வெளிவந்த ஃபெடோரா 25, நிரற்படத்தின்மீது சொடுக்கி ஆற்றல்மிக்க செயலியில் தொடங்கும் தெரிவையும் அளித்தது.

ஆனால் இரண்டாம் பகுதியின் கணக்கு இங்கு குறுக்கிட்டது. திரும்பிவரும் படம் வழியை அடைப்பதால், வெளிநிலை அட்டையே முழு அமர்வையும் நடத்தி, அதனோடு இணைந்த திரையிலேயே காட்டுவதைப் பலர் விரும்பினர். எக்ஸ் அமைப்பில் அதற்கு அமைவுக்கோப்பை மாற்றி எழுத வேண்டும். அட்டை இல்லாத நாளில் அக்கோப்பு இருந்தால் திரையே வராது. கணினி தொடங்கும்போது அட்டை இருக்கிறதா எனப் பார்த்துக் கோப்பை மாற்றிவைக்கும் ‘ஈஜிபியு-சுவிட்சர்’ போன்ற சிறுகருவிகள் பயனர்களால் எழுதப்பட்டது இதனால்தான். எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்டு முறையில் சாளரங்களை ஒருங்கிணைக்கும் நிரலே அட்டைகளையும் நேரடியாக ஆள்கிறது. பல அட்டைகளை ஒரே அமர்வில் கையாளுதல் அங்கு இயல்பாயிற்று. எனினும் எது முதன்மை அட்டை என்பதை அமர்வின் தொடக்கத்திலேயே தீர்மானிக்கும் வழக்கம் அங்கும் தொடர்ந்தது.

6. உரிமமும் இயக்கியும்

நிறுவனங்களின் பங்கு இவ்விடத்தில்தான் முழுமையாகப் புலப்படும். ஏடிஐ நிறுவனத்தை 2006-இல் வாங்கிய ஏஎம்டி, 2007 செப்டம்பர் முதல் தன் வரைகலைச் செயலிகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. 2015-இல் அதன் புதிய திறமூல இயக்கி கருனியின் 4.2 பதிப்பில் இணைந்தது. ஆகவே பொதுக்கட்டமைப்பில் நிகழ்ந்த ஒவ்வொரு திருத்தமும் அவ்வியக்கிக்கு உடனே பயன்பட்டது. என்விடியாவின் இயக்கி மூடியது. அதற்கு மாற்றாகத் தன்னார்வலர் உருவாக்கிய ‘நோவோ’ இயக்கி 2010 பிப்ரவரியில் கருனிக்குள் வந்தது. எனினும் 2014-இல் வந்த இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் செயலிகள் முதல் நிறுவனத்தின் ஒப்பமிட்ட நிலைபொருளை மட்டுமே ஏற்றதால், செயலியின் வேகத்தை உயர்த்த இயலாது அது தடைப்பட்டது.

2012 அக்டோபரில் இம்முரண் வெளிப்படையாயிற்று. டிஎம்ஏ-பஃப் ஏற்பாட்டின் செயற்கூறுகள் ஜிஎன்யு பொது உரிமத்தில் அமைந்த நிரல்களுக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டிருந்தன. அவ்வரையறையை நீக்குமாறு என்விடியா கேட்டது. ஆலன் காக்ஸ் முதலிய கருனி உருவாக்குநர்கள் மறுத்தனர். பயனர் நோக்கில் பார்த்தால், இம்மறுப்பால் ஆப்டிமஸ் மடிக்கணினிகள் நெடுங்காலம் அரைகுறையாக இயங்கின. உருவாக்குநர் நோக்கில் பார்த்தால், மூடிய இயக்கிக்கு இடங்கொடுத்தால் அதன் பிழைகளைத் திருத்த இயலாமலும் அதன்பொருட்டுப் பொதுக்கட்டமைப்பை மாற்ற இயலாமலும் போகும். இரு பக்கமும் உண்மை உண்டு. என்விடியா தன் இயக்கியில் முழுமையான பிரைம் தீட்டல் வசதியை 435 வரிசைப் பதிப்போடு 2019 ஆகஸ்டில்தான் தந்தது; ஏர்லியின் முன்மாதிரிக்கு ஒன்பது ஆண்டுகள் பிற்பட்டு. அவ்வியக்கி எக்ஸ் அமைப்பில் வெளிநிலை அட்டையை இயல்பாக ஏற்க மறுக்கும். அமைவுக்கோப்பில் வெளிப்படையாக அனுமதித்தாலன்றி இயங்காது. இயக்கத்தின்போது வடம் பிடுங்கப்பட்டால் சேவையகம் குலைந்துவிடும் என்பதே நிறுவனம் கூறிய காரணம்.

பின்னர் நிலை மாறியது. வேலண்டு அமைப்புகள் பொதுவாகப் பயன்படுத்திய நினைவக முறையை 2021-இல் என்விடியா ஏற்றது. 2022 மே மாதம் தன் கருனிக்கூறுகளைத் திறமூலமாக வெளியிட்டது. தீட்டல் முடிந்ததை வெளிப்படையாக அறிவிக்கும் ஒத்திசைவு முறை 2024-இல் அதன் இயக்கியில் வந்தது. பொதுக்கட்டமைப்பை வளைத்துத் தனக்கு ஏற்ப ஆக்கிக்கொள்ளாமல், நிறுவனம் பொதுக்கட்டமைப்பை நோக்கி நகர்ந்தது என்பதே இவற்றின் சாரம்.

7. பிடுங்குதல்: கடைசி முற்கோள்

செருகுதலைக் காட்டிலும் பிடுங்குதல் கடினம். செருகும்போது இயங்குதளம் ஆயத்தம் செய்து கொள்ள அவகாசம் உண்டு. பிடுங்கும்போது இயக்கி ஒரு செயலின் நடுவில் இருக்கும். அகற்றப்பட்ட பிசிஐ கருவியைப் படித்தால் பிழைச்செய்தி வராது. எல்லாப் பிட்டுகளும் ஒன்றாகிய ஒரு மதிப்பு வரும். அதனை உண்மைத் தரவாகக் கொண்ட இயக்கி முடிவின்றிக் காத்திருக்கும், அல்லது தவறான முகவரியைத் தொட்டுக் கருனியையே வீழ்த்தும். இதனினும் நுட்பமான சிக்கல், பயனர் நிரல்கள் அட்டையின் நினைவகத்தைத் தம் முகவரி வெளியில் நேரடியாகப் பொருத்தி வைத்திருப்பது. அட்டை போன பின்னும் அந்நிரல்கள் அங்கே எழுதிக்கொண்டிருக்கும்.

ஏஎம்டி இயக்கியில் இதனைச் சீர்செய்யும் பெருந்திருத்தம் 2021 ஆகஸ்டில் வெளிவந்த 5.14 பதிப்பில் சேர்ந்தது. அதன் அணுகுமுறை எளிமையானது: வன்பொருளைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் ‘கருவி இன்னும் இருக்கிறதா’ எனக் கேட்டபின் தொடுதல், இல்லாத நினைவகத்தைத் தேடும் நிரலுக்கு ஒரு போலிப் பக்கத்தைக் கொடுத்து அது குலையாமல் முடியவிடுதல், கடைசிப் பயனர் விலகும்வரை கருவியின் தரவமைப்புகளை நினைவகத்தில் காத்தல். எண்ணத்தில் எளிமையான இப்பணி, இயக்கியின் பல பகுதிகளைத் தொட வேண்டியிருந்தது. ‘கருவி என்றும் இருக்கும்’ என்னும் நம்பிக்கை எங்கெங்கும் பரவியிருந்ததே காரணம்.

கருனி தப்பிப்பிழைத்தாலும் அமர்வு பிழைக்கும் எனச் சொல்ல இயலாது. இரண்டாம் அட்டை பிடுங்கப்பட்டால் வேலண்டு அமைப்பு அதன் திரைகளை மட்டும் இழக்கும். முதன்மை அட்டை பிடுங்கப்பட்டால் எல்லாச் சாளரங்களின் படங்களும் அதனோடு போய்விடும். பயனர் நிரல்களும் தாம் தீட்டிக்கொண்டிருந்த அட்டை மறைந்ததை உணர்ந்து மற்றொன்றிற்கு மாற எழுதப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலானவை அவ்வாறு எழுதப்படவில்லை. ஆகவே, பிடுங்குமுன் அமர்வை முடித்தல் என்னும் பழக்கம் இன்னும் வழக்கொழியவில்லை.

8. ஓர் ஒப்பீடு

ஆப்பிளின் மேக் இயங்குதளத்தோடு ஒப்பிட்டால் இவ்வரலாற்றின் இயல்பு தெளிவாகும். 2018 மார்ச்சில் வெளிவந்த 10.13.4 பதிப்பு, தண்டர்போல்ட் மூன்றாம் பதிப்புக் கொண்ட கணினிகளில் வெளிநிலை அட்டைக்கு முறையான ஆதரவை ஒரே வீச்சில் தந்தது. பட்டியில் ஒரு சின்னம்; அதைச் சொடுக்கினால் பாதுகாப்பாகத் துண்டிக்கும் வசதி. லினக்ஸில் பல ஆண்டுகள் சிதறிக் கிடந்த பணி அங்கு ஒரே கையால் முடிந்தது. ஆனால் ஆதரவு ஏஎம்டி அட்டைகளுக்கு மட்டுமே. 2020 இறுதியில் ஆப்பிள் தன் சொந்தச் செயலிகளுக்கு மாறியபோது, அக்கணினிகளில் வெளிநிலை அட்டை ஆதரவு இடம்பெறவில்லை. கொடுத்த கையே எடுத்துக்கொண்டது.

லினக்ஸில் எவரும் ஒரு நாளில் இதனைத் தரவில்லை. அதனாலேயே எவரும் ஒரு நாளில் எடுத்துக்கொள்ளவும் இயலாது. முகவரி ஒதுக்கீடு, நினைவகப் பகிர்வு, கருவிக் காப்பு ஆகியவை ஒவ்வொன்றும் வேறு பல தேவைகளுக்கும் தூண்களாக நிற்கின்றன. வெளிநிலை அட்டையை மறுக்க வேண்டுமெனில் அத்தூண்களையே அகற்ற வேண்டும்.

9. முடிவுரை

லினக்ஸில் வெளிநிலை வரைகலை அட்டையின் வரலாறு ஓர் இயக்கியின் வரலாறு அன்று. முகவரி ஒதுக்கீட்டில் ‘தொடக்கத்தில் இருந்ததே உண்டு’ என்பதும், பாதுகாப்பில் ‘உள்ளே இருப்பது நம்பத்தக்கது’ என்பதும், திரை அமைப்பில் ‘தீட்டுவதும் காட்டுவதும் ஒன்றே’ என்பதும், இயக்கியில் ‘கருவி என்றும் இருக்கும்’ என்பதும் ஒரே முற்கோளின் நான்கு வடிவங்கள். முதல் மூன்றும் பெரிதும் தளர்ந்துவிட்டன. நான்காவது கருனியில் தளர்ந்து, அதற்கு மேலுள்ள நிரல்களில் எஞ்சி நிற்கிறது.

இம்மாற்றங்களுள் பெரும்பாலானவை இருசெயலி மடிக்கணினிக்காகவும், கையடக்கக் கருவிக்காகவும், யுஎஸ்பி திரைக்காகவும், திருட்டைத் தடுக்கவும் செய்யப்பட்டவை. பொதுக்கட்டமைப்பில் நிகழும் திருத்தம், அதனைச் செய்தவர் எண்ணாத பயன்களையும் தரும் என்பதற்கு இது தக்க சான்று. மூடிய இயக்கி அப்பயன்களில் பங்குபெறத் தாமதமானதும் இதன் மறுபக்கமே.

முற்கோள் முற்றிலும் மறைந்துவிட்டதாகவும் கொள்ள இயலாது. 2019-இல் வெளியான யுஎஸ்பி4 தரத்திற்கு 2020 மார்ச்சில் வந்த கருனியின் 5.6 பதிப்பு முதலே லினக்ஸில் தொடக்கநிலை ஆதரவு உண்டு. எனினும் அத்தரத்தில் பிசிஐ தரவைச் சுமப்பது கணினிகளுக்குக் கட்டாயமன்று. அண்மையில் சிறு கணினிகளில் பரவிவரும் ‘ஆக்குலிங்க்’ இணைப்பு, பிசிஐ நான்காம் பதிப்பின் நான்கு தடங்களை இடைமாற்றமின்றி வெளிக்கொணர்ந்து நொடிக்கு 64 கிகாபிட் வேகம் தருகிறது. ஆனால் பொதுவாக இயக்கத்தின்போது செருகவும் பிடுங்கவும் அது ஏற்றதன்று. கணினியைத் தொடங்குமுன்னரே அட்டையை இணைத்தாக வேண்டும். வேகத்தின் பொருட்டுப் பயனர்கள் தாமே விரும்பி அசையாத அட்டைக்குத் திரும்புகின்றனர். அவ்வாறு திரும்புவோருக்கும், திரும்பாதோருக்கும், ஐந்தாண்டுப் பழமையான மடிக்கணினியை எறியாமல் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு இன்று உண்டு.